ஸ்ட்ரெதம் வயலில ஒரு குருநகர்க் கமக்காரன்

சனிக்கிழமை எனக்கு ஒரேயொரு வேலைதான். ரெண்டு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போய் நெல்வயல் காட்டிக்கொண்டு வரோணும்.

லண்டனில.

சிரிக்காதேங்கோ. ஸ்ட்ரெதம் பக்கம் ஒரு சின்ன மேடு கிடக்கு. அதில ஒரு தோட்டக் கூட்டம் மண்ணை வெட்டி, படிப்படியா ஆறு தட்டு அமைச்சு, தண்ணி விட்டு, நெல்லு நட்டிருக்குதுகள். மலைநாடுகளில இருக்கிற அடுக்கு வயல் மாதிரியாம். சனிக்கிழமை எல்லாரும் வந்து பாக்கலாமாம். மகளின்ர பள்ளிக்கூடத்தில இந்தத் தவணைப் பாடம், "எங்கட சாப்பாடு எங்கயிருந்து வருது" எண்டது. ஏலுமானவை பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, நானும் வாறன் எண்டு மிஸ் கடிதம் அனுப்பியிருந்தா.

போனமோ, பாத்தமோ, ஒரு படம் எடுத்தமோ, வந்தமோ எண்டு முடிஞ்சிருக்கோணும்.

முடியேல்லை. ஏனெண்டா எனக்கு வாய் சும்மா கிடக்காது.

மகள் ஜெனிற்றாவுக்கு ஏழு வயசு. கோப்பையில சோத்தை மிச்சம் விடுறது அவவின்ர பழக்கம். ரெண்டு மாசத்துக்கு முந்தி ஒருநாள் எனக்குக் கடுப்பு வந்து ஒரு பிரசங்கம் வச்சன்.

"பிள்ளை, உந்தச் சோத்தின்ர அருமை உனக்குத் தெரியுமோ? உன்ர வயசில அப்பா முழங்கால் சேத்துக்க நிண்டு நாத்து நட்டனான். அட்டை கடிக்கும். பாம்பு ஓடும். அப்பா அசையமாட்டன்!"

உண்மையைச் சொல்லுறன். நான் பிறந்து வளர்ந்தது குருநகர். யாழ்ப்பாணத்துக் கடற்கரை. வாசலில நிண்டா கடல் தெரியும். என்ர அப்பா றேடியோ திருத்தினவர். நான் வயலைப் பாத்தது வவுனியா போற பஸ்ஸின்ர யன்னலால. அதிலயும் பாதி வழி நித்திரை.

நாத்து நட்டவராம்! பம்மாத்துக்கும் ஒரு அளவு வேண்டாமோ?

பிள்ளை நம்பிச்சுது. சோத்தை வழிச்சுத் திண்டிச்சுது. அதோட போயிருந்தா நல்லது. அடுத்தநாள் வகுப்பில எழும்பி நிண்டு, "என்ர அப்பா ஒரு ரைஸ் ஃபார்மர்" எண்டு சொல்லிப்போட்டுது.

லியோ எண்டு ஒரு பெடியன் அந்த வகுப்பில. "பொய்! உன்ர அப்பா கண்ணாடிக் கடையில நிக்கிறவர். எனக்குக் கண்ணாடி போட்டுவிட்டவரே அவர்தான்" எண்டிருக்கிறான்.

அவன் சொன்னது முழு உண்மை. பிரேமும் நான்தான் தெரிஞ்சு குடுத்தனான். நீலக் கலர்.

அண்டையில இருந்து என்ர பிள்ளைக்கு வகுப்பில பொய்க்காரி எண்டு பேர். மிஸ்ஸின்ர கடிதம் வந்த அண்டைக்கு வீட்ட வந்து கண்ணைத் துடைச்சுக்கொண்டு கேட்டா: "அப்பா, நீங்கள் அந்த வயலுக்கு வந்து எல்லாருக்கும் காட்டுவியளோ? அப்ப லியோ நம்புவான்."

அந்த நேரம் உண்மையைச் சொல்லியிருந்தா நான் மனுசன்.

"அதுக்கென்ன பிள்ளை! அப்பாவுக்கு இது கைவந்த வேலையெல்லே!" எண்டன்.

என்ர மனிசி சுகந்தி குசினியில நிண்டு திரும்பிப் பாத்தா. அவ மன்னார். அவவின்ர ஆக்கள் பரம்பரையா வயல் செய்யிறவை. அவவே பத்தொன்பது வயசு மட்டும் வயலுக்க நிண்டவ. ஆனா அதைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லமாட்டா. உண்மையா வேலை செய்த சனத்துக்குப் பிரசங்கம் வராது போல.

"எனக்குச் சனிக்கிழமை மருந்துக்கடையில ஷிப்ட்," எண்டா. "நீங்கள் சும்மா வாயை மூடிக்கொண்டு போய், படத்தை எடுத்துக்கொண்டு வாங்கோ. அங்க ஒண்டையும் தொடாதேங்கோ. சொல்லிப்போட்டன்."

"எனக்குத் தெரியாதோ?"

"தெரியாது."

சனிக்கிழமை காலமை நான் சாரம் கட்டினன். தோளில ஒரு துவாய். வயல் செய்யிற கமக்காரன் எண்டா ஒரு தோற்றம் வேணுமெல்லே! ஜூன் மாசம்தான், ஆனா லண்டன் ஜூனுக்கு அது விளங்காது. காத்து சாரத்துக்குள்ளால போய் வந்தது. காலில புதுச் சப்பாத்து. சாரத்துக்கும் சப்பாத்துக்கும் பொருத்தம் பாக்க நான் என்ன கலியாணமோ பேசிறன்?

எங்கட டூட்டிங்கில பஸ்ஸுக்கு நிக்கேக்க, மரக்கறி வாங்க வந்த ஒரு அண்ணை என்னை மேலயும் கீழயும் பாத்தார்.

"என்ன தம்பி, வீட்டில தண்ணி நிண்டுபோச்சோ? எங்க குளிக்கப் போறியள்?"

"இல்லை அண்ணை. பிள்ளையளுக்கு வயல் காட்டப் போறன்."

அவர் ஜெனிற்றாவைப் பாத்தார். நாலு வயசு மகன் டிலன் என்ர துவாயில மூக்குத் துடைச்சுக்கொண்டு நிக்கிறதையும் பாத்தார்.

"மனிசிக்குத் தெரியுமோ?" எண்டு கேட்டார்.

வயலுக்குப் போய்ச் சேர்ந்தம். வயலோ அது! ஒவ்வொரு தட்டும் எங்கட வீட்டுக் கட்டிலளவு. அதில சாண் உயரத்தில கொஞ்ச நாத்து, குளிரில நடுங்கிக்கொண்டு நிக்குது. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில ஒரு முழ அகலத்தில மண் வரம்பு. வரம்பின்ர நடுவில சின்னச் சின்னப் பலகை. ஆகக் கீழ்த் தட்டு மட்டும் காஞ்சுபோய் வெறுமனே கிடந்தது.

இதுக்குப் பொறுப்பு றோவன் எண்டு ஒரு தாடிக்காரப் பெடியன். வைக்கோல் தொப்பி, முழங்கால் மட்டும் றப்பர் பூட்ஸ். பாலியில அஞ்சு கிழமை நிண்டு நெல்லுப் படிச்சவனாம். அஞ்சு கிழமை! எங்கட ஆக்கள் லைசென்ஸ் எடுக்கவே அதைவிடக் கூட நாள் படிக்கிறவை.

இங்கிலீசில நடந்த கதையெல்லாத்தையும் நான் தமிழிலதான் சொல்லுறன். என்ர இங்கிலீசைக் கேட்டா உங்களுக்கு இன்னும் பாவமா இருக்கும்.

"எல்லாரும் கண்ணை மூடி, தண்ணிக்கு நன்றி சொல்லுவம்," எண்டான் றோவன்.

பதினொரு பிள்ளையள், ஏழெட்டுத் தாய் தகப்பன்மார், எல்லாம் கண்ணை மூடிச்சுதுகள். நான் மூடேல்லை. லியோவும் மூடேல்லை. நீலக் கண்ணாடிக்குள்ளால என்னையே பாத்துக்கொண்டு நிண்டான்.

பிறகு றோவன் மூண்டு விசயம் சொன்னான். எல்லாரும் பூட்ஸ் போடோணும், அங்க அடுக்கி வச்சிருக்கு. வரம்பு புதுமண், அதில ஏறக்கூடாது. பலகையளைத் தொடவே கூடாது.

நல்ல புத்திமதி. கேட்டிருக்கலாம்.

அந்த நேரம் மிஸ் கையைத் தட்டினா. "எங்களுக்கு அதிர்ஷ்டம்! ஜெனிற்றாவின்ர அப்பா பிறவியிலேயே நெல் விவசாயி! அவர் கொஞ்சம் சொல்லுவார்."

எல்லாரும் என்ர சாரத்தைப் பாத்தினம். சாரம் தன்ர வேலையை வடிவாச் செய்தது. ஜெனிற்றா முன்னுக்கு வந்து, நெஞ்சை நிமித்திக்கொண்டு, லியோவுக்குப் பக்கத்தில நிண்டா. அந்த முகத்தைப் பாத்த எந்தத் தகப்பனுக்கும் மூளை வேலை செய்யாது. எனக்கு முந்தியே செய்யிறேல்லை.

"எங்கட ஊரில," எண்டு தொடங்கினன், "வயலுக்க சப்பாத்தோட இறங்கிறேல்லை. அது சோறு தாற மண். கழட்டிப்போட்டுத்தான் கால் வைப்பம்."

இது ஒண்டுதான் அண்டைக்கு நான் சொன்ன உண்மை. சுகந்தியின்ர ஆக்கள் சொல்லக் கேட்டிருக்கிறன். அந்த ஒரு உண்மைதான் எல்லாத்தையும் கெடுத்தது.

மிஸ்ஸுக்குக் கண் கலங்கிப்போச்சு. "எவ்வளவு அழகான பழக்கம்!" எண்டு முதல் ஆளாத் தன்ர சப்பாத்தைக் கழட்டினா. பிள்ளையளுக்குக் கேக்கவோ வேணும்! கால்மேசு ஒரு பக்கம் பறக்குது, சப்பாத்து ஒரு பக்கம் பறக்குது.

"பூட்ஸ்..." எண்டான் றோவன்.

"தம்பி, பூட்ஸ் பாலிக்குச் சரி," எண்டன்.

சப்பாத்து சிதறிக் கிடக்கிறது எனக்குப் பிடிக்காது. கோயில் வாசலில விடுற மாதிரி வரிசையா வைக்கோணும். எங்க வைக்கிறது? ஆகக் கீழ்த் தட்டு காஞ்சு, சமமா, வடிவாக் கிடந்தது. நானே நிண்டு அடுக்குவிச்சன். பத்தொன்பது சோடி. கால்மேசுகளை உருட்டி உள்ளுக்க வைக்கச் சொன்னதும் நான்தான். லியோவின்ர தாய் பால் மாதிரி வெள்ளைச் சப்பாத்துப் போட்டிருந்தவ. பெட்டியில இருந்து அண்டைக்குத்தான் எடுத்தவவாம். "பயப்பிடாதேங்கோ, இஞ்ச பத்திரம்," எண்டு அதை நடுவில வச்சன்.

"கமக்காரர் வரம்பிலதான் நடக்கிறவை!" எண்டன். வெறுங்காலோட பதினொரு பிள்ளையளும் ஈரமண் வரம்பில ஏறி, மேலயும் கீழயும் ஓடிச்சுதுகள். டிலன் சேத்துக்க படுத்துட்டான். றோவன் தொப்பியைக் கழட்டி நெஞ்சில வச்சுக்கொண்டு நிண்டான்.

அப்பதான் லியோ கையைத் தூக்கினான். "தண்ணி எப்பிடி ஒரு தட்டில இருந்து மற்றத் தட்டுக்குப் போறது? மண் வரம்பு மறிக்குதெல்லே?"

ஏழு வயசுப் பெடியனுக்கு இந்தக் கேள்வி தேவையோ?

"நல்ல கேள்வி! ஒரு நிமிசம்," எண்டுபோட்டு, கழிப்பறைக் கொட்டிலுக்குப் பின்னால ஓடிப்போய் சுகந்திக்குப் போன் அடிச்சன்.

"சுகந்தி, நீர் கெதியாச் சொல்லும். வயலில தண்ணி எப்பிடிக் கீழ இறங்கிறது?"

"வக்கடையால."

"அது என்ன சாமான்?"

"வரம்பில தண்ணி போக வெட்டி விடுற வாய். மண்ணால அடைச்சிருக்கும், இல்லாட்டிப் பலகை வச்சிருக்கும். ஏன் கேக்கிறியள்? இஞ்சருங்கோ, நீங்கள் அங்க என்ன செய்யிறியள்? ஒண்டையும் தொடாதே..."

வச்சுட்டன். சாரத்தில பொக்கற் இல்லை. போனைக் கொண்டுபோய் என்ர சப்பாத்துக்குள்ள வச்சன், கால்மேசுக்கு மேல.

திரும்பி வந்து, தொண்டையைச் செருமி, "அதுக்கு எங்கட பாஷையில வக்கடை எண்டு பேர்!" எண்டன்.

றோவன் கொப்பியை எடுத்து எழுதினான். பாலிக்காரன் எழுதுறான்! பிள்ளையள் எல்லாம் "வக்கடை! வக்கடை!" எண்டு கத்துதுகள். ஜெனிற்றா லியோவைப் பாத்து, "பாத்தியோ?" எண்ட மாதிரி கண்ணால ஒரு வெட்டு வெட்டினா.

அதோட நிப்பாட்டியிருந்தா நான் வெண்டு வீட்ட வந்திருப்பன்.

"திறந்து காட்டுவியளோ?" எண்டான் லியோ.

"தயவுசெய்து வேண்டாம்," எண்டான் றோவன்.

றோவன் வேண்டாம் எண்டதுதான் என்னை உசுப்பேத்தினது. அஞ்சு கிழமைக்காரன் பரம்பரைக் கமக்காரனுக்குச் சொல்லுறதோ? மேல்தட்டு வரம்பில ஏறினன். பலகையைப் பிடிச்சன். அசையேல்லை. எப்பன் இழுத்தன். அசையேல்லை. சாரத்தை மடிச்சுக் கட்டி, காலை ஊண்டி, ஒரே இழுவை!

பலகை வந்தது. பலகையோட சேர்ந்து அரை வரம்பும் வந்தது. நான் பிடரியடிச்சு ரெண்டாம் தட்டுக்குள்ள விழுந்தன்.

மேல்தட்டுத் தண்ணி முழுக்க என்ர தலைக்கு மேலால இறங்கிச்சுது. ரெண்டாம் தட்டு நிரம்பி வழிஞ்சுது. ரெண்டாம் வரம்பைப் பிள்ளையள் ஏற்கெனவே மிதிச்சுக் களியாக்கி வச்சிருந்ததுகள், அது பொத்தெண்டு போச்சு. மூண்டாவது. நாலாவது. அஞ்சாவது. நாத்தும் சேறும் தண்ணியும் ஒண்டாச் சேர்ந்து ஆறாம் தட்டுக்கு இறங்கிச்சுது.

ஆறாம் தட்டில பத்தொன்பது சோடி சப்பாத்து.

"மை ஷூஸ்!" எண்டு லியோவின்ர தாய் கத்தின சத்தம் லூயிஷாம் மட்டும் கேட்டிருக்கும்.

சப்பாத்துகள் எழும்பி மிதந்திச்சுதுகள். வெள்ளைச் சப்பாத்து மண்ணிறமா மாறிச் சுத்திச்சுது. டிலன் சேத்துக்க இருந்தபடியே கையைத் தட்டி, "அப்பாதான் செய்தவர்! அப்பாதான் செய்தவர்!" எண்டு ஊருக்கு அறிவிச்சான். ஒருத்தருக்கும் சந்தேகம் இருக்கேல்லை.

நான் எழும்பப் பாத்தன், வழுக்கித் திருப்பியும் இருந்தன். நிமிர்ந்து பாத்தா முன்னால ஜெனிற்றா நிக்கிறா. அழேல்லை. அழுதிருந்தாப் பரவாயில்லை.

"அப்பா," எண்டா, "நீங்கள் ஃபார்மர் இல்லைத்தானே?"

எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம். மாதாவே, எனக்கு வெக்கத்தில உயிர் போய் வந்தது. விழுந்ததுக்கு இல்லை. அந்தப் பிள்ளை ரெண்டு மாசமா என்ர பொய்க்காகச் சண்டை பிடிச்சிருக்கு.

"இல்லை பிள்ளை. அப்பா ஒருநாளும் வயலுக்க இறங்கினதில்லை. நான்தான் புளுகினனான்."

பிறகு சேத்துக்க இருந்தபடியே லியோவுக்கு இங்கிலீசில சொன்னன். "அவள் பொய் சொல்லேல்லை. நான் அவளுக்குச் சொன்ன பொய்யை நம்பினவள். பொய்க்காரன் நான்."

லியோ கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கொண்டு, "எனக்குத் தெரியும்," எண்டான்.

அந்த நேரம் பாத்து, மிதந்துகொண்டு போன என்ர சப்பாத்து மணியடிச்சுது.

ஜெனிற்றாதான் ஓடிப்போய்ப் பிடிச்சா. போன் நனையேல்லை. சுகந்தி. ஸ்பீக்கரில போட்டா.

"ஏன் டக்கெண்டு வச்சனீங்கள்? என்னத்தைத் தொட்டனீங்கள்?"

"அம்மா, அப்பா வக்கடையைக் கழட்டிட்டார். தண்ணியெல்லாம் ஓடுது."

நான் ஏச்சுக்கு ஆயத்தமா இருந்தன். ஏசேல்லை. எனக்கு அது ஏச்சைவிடப் பயமா இருந்தது.

"முதல் தண்ணி வாற குழாயைப் பூட்டச் சொல்லு பிள்ளை. ஓடு!"

சுகந்திக்கு இங்கிலீசு வடிவா வரும். ஆனா வயல் கதை அவவுக்குத் தமிழில மட்டும்தான் வரும். அவ சொல்லச் சொல்ல, ஜெனிற்றா போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு மேட்டில நிண்டு இங்கிலீசில கத்தினா.

"புல்லோட சேர்த்து மண்கட்டி வெட்டுங்கோ! அதை உடைப்பில வையுங்கோ! மேல சேறு! காலால மிதியுங்கோ, இன்னும், இன்னும்! மேல் வரம்பில இருந்து தொடங்குங்கோ, கீழ இருந்து இல்லை!"

மிஸ் மிதிச்சா. லியோவின்ர தாய் ஆத்திரத்திலயே நல்லா மிதிச்சா. அந்த வரம்பு இனி ஒருநாளும் உடையாது. றோவன் ஒவ்வொரு சொல்லையும் கொப்பியில எழுதினான்.

நடுவில போனுக்குள்ள ஒரு கிழவி இருமினா. "ஒரு நாளைக்கு ரெண்டுதரம், சாப்பிட்ட பிறகு," எண்டு சுகந்தி இங்கிலீசில சொன்னா.

றோவன் அதையும் எழுதினான்.

ஒரு மணித்தியாலத்தில அஞ்சு வரம்பும் நிண்டுது. தப்பின நாத்தைப் பொறுக்கித் திருப்பி நட்டம். "கொஞ்சம் மஞ்சளாகும், பிறகு பிடிச்சிடும்," எண்டா சுகந்தி. றோவன் போனைப் பாத்துக் கும்பிட்டான். தண்ணிக்குக் கூட அவன் அவ்வளவு மரியாதையாக் கும்பிடேல்லை.

"இவ ஆர்?" எண்டு லியோ ஜெனிற்றாவைக் கேட்டான்.

"என்ர அம்மா. ஃபார்மர்."

லியோ தலையை ஆட்டினான். அதுக்கு மேல அவன் ஒண்டும் கேக்கேல்லை.

பூட்ஸ் வேண்டாம் எண்ட அத்தனை பேரும் வீட்ட போனது றோவனின்ர பூட்ஸோடதான். என்ர அளவில மட்டும் இல்லை. வெறுங்காலோட, சேறு காஞ்ச சாரத்தோட, தண்ணி சொட்டுற சப்பாத்தைக் கையில பிடிச்சுக்கொண்டு டூட்டிங்கில இறங்கினன். அதே அண்ணை, இப்ப ரெண்டு கையிலயும் மரக்கறிப் பையோட.

"குளிச்சாச்சோ தம்பி?" எண்டார்.

திங்கக்கிழமை பின்னேரம் மகளைக் கூட்டப் போனன். மிஸ் சிரிச்சுக்கொண்டு வந்தா. ஜெனிற்றா வகுப்பில கீறின படத்தைக் காட்டினா. மேட்டு உச்சியில ஒரு பெரிய போன், போனுக்குள்ள அம்மா. அடியில சேத்துக்க ஒரு சாரம், ரெண்டு கால். பக்கத்தில லியோ தன்ர கையால "இது உண்மை" எண்டு எழுதியிருந்தான்.

"அடுத்த தவணை உங்கட மனிசி வந்து நெல்லைப் பற்றிக் கதைக்க ஏலுமோ?" எண்டு மிஸ் கேட்டா.

"கேட்டுப் பாக்கிறன்," எண்டன்.

"உங்களையும் கூப்பிட ஆசை. அதுக்கு அடுத்த கிழமை எங்கட பாடம் வெள்ளப்பெருக்கு."

ஓம் எண்டுட்டன். இந்தமுறை ஒரு பொய்யும் தேவைப்படாது.